வீட்டுக்குள் சிலந்தி சேராமல் இருக்க

குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அப்போது ஈசலும் கொசுவும் பெருகும். இரை இருக்கும் இடத்துக்குத்தான் சிலந்தி வரும். எனவே விளக்கிலிருந்து தொடங்குங்கள். வாசலில் வெள்ளை எல்இடி எரிந்தால் பூச்சி மொய்க்கும். மஞ்சள் பல்பு மாட்டி, தேவையில்லாதபோது அணையுங்கள்.

ஒட்டடையை மட்டும் கலைத்தால் போதாது, சிலந்தி மறுபடி கட்டிவிடும். மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் முட்டைப்பையை எடுப்பதுதான் முக்கியம். வாரம் ஒருமுறை, ஒட்டடைக்கம்பின் நுனியில் ஈரத்துணி சுற்றித் துடைத்தால் பை கீழே சிதறாது. துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு நைலான் வலை, வயர் நுழையும் துளைக்குச் சிலிகான். ஓட்டு வீட்டில் கூரையும் சுவரும் சேரும் இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், காற்றோட்டம் போய்விடும். அங்கேயும் வலையே நல்லது. சுவரை ஒட்டிக் கிடக்கும் விறகு, ஓலை, கதம்பை (தேங்காய் உரிமட்டை) குவியலை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மருந்து அடிப்பதில் பலன் குறைவு. நேரே மேலே படாவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும்.

சுவரில் ஓடும் பெரிய தட்டைச் சிலந்தி வலை கட்டாது; கரப்பானைப் பிடித்துத் தின்னும். வயிற்றடியில் வெள்ளை வட்டு தெரிந்தால் அது முட்டைப்பை. வாரியலால் அடித்தால் பை கிழிந்து குஞ்சுகள் அறையெங்கும் ஓடக்கூடும். வாயகன்ற டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விடுங்கள்.