நிலாப் படத்தில் 'கட்டடம்' தெரிந்தால் பிக்சலை எண்ணுங்கள்

நிலாப் படத்தில் கட்டடம், கோபுரம் என்று ஏதாவது தெரிந்தால், முதலில் அது எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். நாலைந்துதான் என்றால் அந்த வடிவத்தை நம்பவே வேண்டாம். ஜேபெக் கோப்பு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது; பெரிதாக்கினால் அந்தக் கட்டங்களின் ஓரமே செங்கோணச் சுவர் மாதிரி கண்ணில் படும். அதே இடத்தை, நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் பிக்சலுக்கு சுமார் 0.5 மீட்டர் அளவில், வேறு சூரியக் கோணத்தில் எடுத்த படத்தில் பாருங்கள். நிழல் என்றால் உருவம் மாறிவிடும், பாறை என்றால் அங்கேயே நிற்கும். துருவப் பள்ளங்களின் நிரந்தர இருட்டில் மட்டும் இது பலிக்காது. அங்கே வெயிலே நேராக விழுவதில்லை. 1960களில் நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் படங்களில் வரும் நீளக் கோடுகள் வேறு: பிலிமைப் பட்டை பட்டையாக ஸ்கேன் செய்து அனுப்பிய தடம்.