பாதியில் நின்ற முன்பாய்

தென் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் மேற்குக் காற்று மணிக்கு 12 கடல்மைலிலிருந்து 25க்கு ஏறிவிட்டது. வற்றும் ஓதம் அதற்கு எதிராக ஓட, அலை செங்குத்தாக எழும்பியது. பாய்மரப் படகில் நானும் மனைவியும் மட்டும். படகின் முனையிலிருந்து மர உச்சிக்குப் போகும் முன்கம்பியைச் சுற்றிச் சுருளும் முன்பாய், சுருட்டும்போது பாதியில் நின்றுவிட்டது.

இங்கே கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சைத் தொடவே கூடாது. பலங்கொண்டு இழுத்தால் முன்கம்பியின் இழைகள் முறுக்கவிழ்ந்து அறும், பாய்மரமே சாயலாம். காற்று பின்னாலிருந்து வரும்படி படகைத் திருப்பி, முன்பாயைப் பெரிய பாயின் மறைவுக்குள் கொண்டுவந்தோம். சுருளை முழுக்க விரித்து, பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டை இரண்டு அங்குலம் தளர்த்தினோம். பிறகு கையாலேயே சுருண்டது.

லிமிங்டன் துறைமுகத்தில் படகைக் கட்டிய பின் பைனாகுலரில் பார்த்தால், மர உச்சியருகே ஹால்யார்ட் முன்கம்பியை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்த தடம். காரணம் எளிது: பழைய பாய் வாங்கியிருந்தோம், அதன் முன்விளிம்பு 40 செ.மீ. குட்டை. அதனால் மேல் ஸ்விவல் (பாயின் தலையை ஹால்யார்டுடன் இணைக்கும் சுழல் இணைப்பு) தாழ்ந்து நின்றது, ஹால்யார்ட் முன்கம்பியை ஒட்டியே ஓடியது. சுருட்டும்போது கூடவே சுற்றிக்கொண்டது. ஹால்யார்ட் முன்கம்பியிலிருந்து பின்பக்கம் சுமார் 10 டிகிரி விலகி ஓட வேண்டும்.

பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவே 5 மி.மீ. டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிற்றில் 38 செ.மீ. துண்டு போட்டோம். ஸ்விவல் உச்சிக்கருகே ஏறியது. ஆனால் அதை, முன்கம்பியை மூடியிருக்கும் சுருள்குழாயின் மேல்முனையைத் தாண்டவிடாதீர்கள், கழன்றுவிடும். ஸ்விவலை நன்னீரில் கழுவ மறக்க வேண்டாம். உப்பு இறுகினாலும் இதே தொல்லைதான்.