மழைக்கு மறுநாள் பார்த்தீனியம் பிடுங்குங்கள்

சேலத்தில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாளே, பூக்கும் முன் பார்த்தீனியம் என்ற களைச்செடியைக் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். கேரட் இலை மாதிரி பிளவுபட்ட இலைகள் தரையோடு வட்டமாகப் பரவியிருந்தால் அதுதான். ஈர மண்ணில் ஆணிவேர் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் தண்டு மட்டும் கையோடு வரும், அப்புறம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடுவதால்தான் இந்த அவசரம்.

காம்பவுண்டு ஓரம் மண்டிக் கிடந்தால் லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். பாத்தியில் மட்டும் வேண்டவே வேண்டாம், மண் கெட்டுவிடும்.

வெள்ளைப் பூ வந்த செடிக்கு இப்படிப் பிடுங்குவது சரிவராது. பிடுங்கும்போதே மகரந்தமும் விதையும் உதிரும். ஆஸ்துமா, தோல் அரிப்பு உள்ளவர்கள் வேறு ஆளை விட்டுச் செய்யுங்கள்.