அமெரிக்க வனவிலங்குப் புகலிடத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

பள்ளிக்குத் தேவையான சமூக சேவை நேரத்தை எங்கே செய்வது என்ற கேள்வி, அமெரிக்காவில் பதின்பருவப் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. நூலகமும் கோயிலும் உடனே நினைவுக்கு வரும். காரில் சிறிது தொலைவே இருக்கும் தேசிய வனவிலங்குப் புகலிடம் பெரும்பாலும் வருவதில்லை. 1903-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஃபுளோரிடாவின் பெலிகன் தீவைப் பறவைகளுக்காக ஒதுக்கியதில் தொடங்கிய இந்த அமைப்பில் இன்று 570-க்கும் மேற்பட்ட புகலிடங்கள் உள்ளன. ஒன்றில் எப்படிச் சேர்வது, முதல் நாளில் என்ன செய்வது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இடத்தின் இயல்பைப் புரிந்துகொள்ளுங்கள்

புகலிடம் என்றதும் அடிபட்ட விலங்குகளுக்குப் பாலூட்டும் காப்பகத்தைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்கள் முதல் நாளிலேயே ஏமாற்றமடைகிறார்கள். விலங்குகள் மனிதரை அண்டாமல் வாழ வேண்டிய நிலம் இது. ஆகவே தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் விலங்கைத் தொடுவதில் இல்லை, அது வாழும் சதுப்பையும் புல்வெளியையும் சீராக வைத்திருப்பதில் இருக்கிறது. இன்னொன்றும் நம்மவர்களுக்கு வியப்பளிக்கும்: 1997-ஆம் ஆண்டுச் சட்டம் புகலிடங்களில் முன்னுரிமை பெறும் ஆறு பயன்பாடுகளுள் வேட்டையையும் மீன்பிடிப்பையும் சேர்த்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் களப்பணிக்குப் போவதானால், அன்று வேட்டை நாளா என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து செல்லுங்கள்.

படி 2: முதலில் பார்வையாளராகப் போய் வாருங்கள்

பெருநகரங்களை ஒட்டியே பல புகலிடங்கள் உள்ளன: நியூ ஜெர்சியில் கிரேட் ஸ்வாம்ப், பிலடெல்ஃபியாவில் ஜான் ஹைன்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் டான் எட்வர்ட்ஸ், மினியாபொலிஸ் அருகே மினசோட்டா வேலி. விண்ணப்பிக்கும் முன் ஒரு காலைப்பொழுது அங்கே நடந்து பாருங்கள். இரண்டு மணி நேரம் ஈரத்திலும் கொசுக்கடியிலும் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்.

படி 3: வயதுக்கேற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோருடன் சேர்ந்து செய்யும் ஒருநாள் பணிகளே ஏற்றவை. ஓவியத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு, புகலிடங்களை நடத்தும் கூட்டரசுத் துறையின் ஜூனியர் டக் ஸ்டாம்ப் ஓவியப் போட்டி இருக்கிறது. மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் வட அமெரிக்க நீர்ப்பறவை ஒன்றை வரைந்து அனுப்பலாம்.

15 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு யூத் கன்சர்வேஷன் கோர் என்ற கோடைக்காலத் திட்டம் உண்டு. இது தன்னார்வப் பணி அன்று, ஊதியம் உள்ள வேலை. பாதை அமைப்பது, வேலி பழுதுபார்ப்பது, களை அகற்றுவது என்று உடல் நோக உழைக்க வேண்டியிருக்கும். குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் மட்டுமே இதில் சேர முடியும் என்பதால், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். எல்லாப் புகலிடங்களிலும் இத்திட்டம் நடப்பதில்லை. கோடைக்குச் சில மாதங்கள் முன்பே விசாரிக்க வேண்டும்.

படி 4: எழுதுங்கள், கையொப்பமிடுங்கள்

வாலண்டியர் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் வாய்ப்புகளைத் தேடலாம். எனினும், தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளருக்கு நேரடியாக நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவதே விரைவாகப் பலன் தரும் என்பது என் கருத்து. வயது, எந்தக் கிழமைகளில் வர இயலும், எவ்வளவு தூரம் நடக்க முடியும், விசா நிலை ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். இயற்கையின் மீதான காதலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். பிறகு தன்னார்வலர் ஒப்பந்தப் படிவம் வரும். 18 வயது நிரம்பாதவர்களுக்காகப் பெற்றோரும் அதில் கையொப்பமிட வேண்டும். முறையாகப் பதிவுசெய்த தன்னார்வலருக்குப் பணியின்போது காயம் ஏற்பட்டால் கூட்டரசு ஊழியருக்குரிய இழப்பீட்டுப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதால், படிவத்தை முடிக்காமல் களத்தில் இறங்காதீர்கள்.

படி 5: முதல் களப்பணி

புதியவர்களுக்குப் பெரும்பாலும் களை பிடுங்கும் வேலையே கிடைக்கும். கிழக்கு மாநிலங்களில் அது கார்லிக் மஸ்டர்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவிலிருந்து வந்த இச்செடி, மரங்களின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளைப் பாதிக்கும் வேதிப்பொருள்களை மண்ணில் கலக்கிறது. முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக இருக்கும்; இரண்டாம் ஆண்டில் தண்டு உயர்ந்து நான்கு இதழ் கொண்ட சிறு வெள்ளைப் பூக்கள் பூக்கும். இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தண்டின் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல இழுங்கள். வெடுக்கென இழுத்தால் தண்டு அறுந்து, மண்ணில் தங்கிய வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மேற்பகுதியில் வளைந்திருக்கும் வெள்ளை வேர் முழுதாக வந்தால்தான் வேலை முடிந்தது. பூத்த செடியைப் பிடுங்கிய பிறகும் விதை முற்றக்கூடும் என்பதால், அங்கேயே எறியாமல் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும்.

முதல் நாளில் நான் ஒரு பை நிறையப் பிடுங்கிப் பெருமையுடன் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் பாதி, அந்த மண்ணுக்கே உரிய வயலட் செடிகள். இரண்டின் இளம் இலைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஐயம் வந்தால் கசக்கி முகர்ந்து பாருங்கள், மணம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெளிர் நிற முழுக்கால்சட்டை அணிந்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி ஏறினால் எளிதில் கண்ணில் படும். காலணியில் ஒட்டிய சேற்றைக் கிளம்பும் முன்பே தேய்த்து அகற்றுங்கள், இல்லையேல் களையின் விதையை நீங்களே அடுத்த நிலத்துக்குச் சுமந்து செல்வீர்கள்.

படி 6: பறவைக் கணக்கெடுப்பு

சில வாரங்கள் தவறாமல் சென்றால் கணக்கெடுப்புக்கும் அழைப்பார்கள். ஏரியில் ஆயிரம் வாத்துகள் மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் பரப்பைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் பத்துக் கட்டங்கள் சேர்ந்தால் நூறு. நூறின் பரப்பு மனத்தில் பதிந்ததும், கூட்டம் முழுவதும் அப்படி எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். இருவர் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகே ஒப்பிடுவது நல்லது. முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் அடுத்தவரின் கண் அதை நோக்கியே போகும்.

படி 7: நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, வேலை, நேரம் மூன்றையும் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்புதல் பெறுங்கள். பள்ளிக்கான சான்றிதழும் இதை வைத்தே கிடைக்கும். பங்கேற்கும் கூட்டரசு அமைப்புகளில் மொத்தம் 250 மணி நேரம் சேர்ந்தால், நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசியப் பூங்காக்களுக்கும் புகலிடங்களுக்கும் ஓராண்டு செல்லுபடியாகும் தன்னார்வலர் அனுமதி அட்டையை இலவசமாகத் தருவார்கள். அந்த மணி நேரத்தை ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்பதில்லை.