எண்ணூர் கழிமுகத்தை வைத்து ஒரு வெப்குவெஸ்ட்: முதல்முறை அமைப்பவர்களுக்கு

இணையத்தை வைத்து எட்டாம் வகுப்புக்கு முதல்முறை வேலை கொடுத்தபோது, "எண்ணூர் கழிமுகம் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்றுதான் சொன்னேன். பாதிப் பேரிடமிருந்து ஒரே பத்தி வந்தது. விக்கிப்பீடியாவின் நீல எழுத்துகள்கூட மாறவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை, நான் கேட்ட கேள்வி அப்படி.

அப்புறம்தான் வெப்குவெஸ்ட் முறைக்கு, அதாவது இணையப் பக்கங்களைப் படித்து ஒரு பணியைச் செய்து முடிக்கும் பாடமுறைக்கு, வந்தேன். 1995-ல் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கியது இது. படிக்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே தேர்ந்து தருவார். மாணவர்களின் நேரம் தேடுவதில் கரையாமல் யோசிப்பதற்கு மிஞ்சும். அறிமுகம், பணி, செயல்முறை, மூலங்கள், மதிப்பீடு, முடிவுரை என ஆறு பகுதிகள். இணையதளம் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸில் இலவசமாக ஒரே பக்கத்தில் அமைத்துவிடலாம்.

முதலில் பணியை எழுதுங்கள். அறிமுகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பணிக்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை, மொத்தமும் இதில்தான் நிற்கிறது. எழுதிய கேள்வியை அப்படியே கூகுளில் போட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்து விழுந்தால் அந்தக் கேள்வி வேண்டாம். "எண்ணூரில் எண்ணெய் எப்போது கசிந்தது?" என்று கேட்டால், 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். நான் கடைசியில் வைத்த பணி இது: "எண்ணெய்க் கசடை அகற்றுவது, அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளுவது, அலையாத்தி மரம் நடுவது. இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் இந்த ஆண்டு பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதைச் செய்யச் சொல்வீர்கள்? குழுவாக ஒரு கடிதம் எழுதுங்கள்."

அடுத்து, நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு பொறுப்பு கொடுங்கள். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர், அனல்மின் நிலையத் தொழிலாளி, உயிரியல் ஆய்வாளர், அரசு அதிகாரி. அவரவர் தம் பக்கத்து நியாயத்தைப் படித்துவிட்டு வந்து பேசும்போதுதான் வாக்குவாதம் பிறக்கும். அது பிறக்கட்டும், தடுக்காதீர்கள்.

மூலங்கள், ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு போதும், ஒன்றாவது தமிழில் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக 2017 விபத்தின் முதல் நாள் செய்தி ஒன்றையும், சில நாள் கழித்து வந்த செய்தி ஒன்றையும் வையுங்கள். கடலில் கலந்த எண்ணெயின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஏன் மாறியது என்று அவர்களே கேட்பார்கள். கூகுள் எர்த் புரோவில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தை ஆண்டு வாரியாக நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் ஊரை மேலிருந்து பார்க்கும் பிள்ளைகள் அதைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இணையத்தில் இல்லாத மூலமும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன், "சார், இதுல போட்டிருக்கறது வேற, எங்க தாத்தா சொல்றது வேற" என்றான். அவர் அந்தக் கழிமுகத்தில் மடவை மீன் பிடித்து வாழ்ந்தவர். "அதையும் கடிதத்துல சேருப்பா, யார் சொன்னதுன்னும் எழுது" என்றேன். அதிலிருந்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வருவதைச் செயல்முறையிலேயே சேர்த்துவிட்டேன்.

செயல்முறையை மூன்று பாடவேளைக்குப் பிரியுங்கள்: படிக்க ஒன்று, பேச ஒன்று, எழுத ஒன்று. மதிப்பீட்டு அட்டவணையை வேலை தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். நான் 20 மதிப்பெண்ணில் 8-ஐக் காரணம் சொல்வதற்கும், 6-ஐ ஆதாரத்துக்கும், 4-ஐ எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வதற்கும் வைத்தேன். எழுத்துப் பிழைக்கு மீதி 2 போதும். முடிவுரையில், "உங்கள் கடிதத்தை ஏற்காதவர் யார்? ஏன்?" என்ற ஒரு கேள்வி மட்டும்.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆய்வகக் கணினியில் எல்லா இணைப்புகளையும் திறந்து பாருங்கள். பக்கங்களைப் பிடிஎஃப்பாகப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், நெட் போனாலும் வகுப்பு நிற்காது.