வள்ளைக்கீரையைக் குழம்பாக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ சொந்தம் இல்லாத வீடு குறைவு. போய் வருகிறவர்கள் அங்கே கங்கோங் பெலாச்சான் (வள்ளைக்கீரையை பெலாச்சான் என்ற இறால் விழுதோடு வதக்குவது) சாப்பிட்டு ருசி கண்டுவிட்டு, இங்கே வள்ளைக்கீரை கிடைத்ததும் செய்து பார்க்கிறார்கள். கற்றுக்கொள்ள என் அடுப்படிக்கு வரும் பெண்களும் நான் ஆரம்பத்தில் சறுக்கிய இடத்திலேயேதான் சறுக்குகிறார்கள். உப்பு கூடுவது, காரம் குறைவதெல்லாம் நாளடைவில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

மொத்தமாகக் கொட்டி மூடி வைப்பது

தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெரிய கட்டுக் கீரையை அலசி, நீர் சொட்டச் சொட்ட நான்ஸ்டிக் சட்டியில் கொட்டி, மிதமான தீயில் மூடி வைத்தாள். திறந்தால் பாதிச் சட்டி தண்ணீர். "ஆச்சி, தண்ணி விட்டுக்கிச்சு, சுண்ட வச்சிரட்டுமா?" என்றாள். சுண்ட வைத்தாள். இலை கறுத்துப் போனது, தண்டு ரப்பர். அதில் கலந்திருந்தது மலேசியாவிலிருந்து யாரோ பெட்டியில் சுமந்து வந்த நல்ல பெலாச்சான்! அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

கீரையில் பெரும்பங்கு தண்ணீர்தான். மலேசியக் கடைக்காரரின் அடுப்பு அதை நொடியில் ஆவியாக்கிவிடும். நம் வீட்டு கேஸ் அடுப்பில் அந்த வேகம் கிடையாது. ஈரக் கீரையைக் குவித்தால் சட்டியின் சூடு இறங்கிவிடும். அப்புறம் அது வதங்காது, வேகும். மூடி போட்டால் இன்னும் மோசம்: கீரை விடும் புளிப்பு ஆவியோடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அரைக்கீரை மசியலுக்கே மூடி போடாதே என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்கள், வெளியூர்ச் சமையல் என்றதும் அதை எப்படி மறக்கிறார்களோ!

இருப்புச் சட்டியை எடுங்கள். அலசிய கீரையை நன்றாக உதறி, துண்டில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். சட்டி லேசாகப் புகையும்வரை காய்ந்ததும் எண்ணெய், பெலாச்சான் சேர்த்து அரைத்த விழுது (அரைப்பதைக் கீழே சொல்கிறேன்). அது வதங்கியதும் தண்டைப் போட்டு முழுத்தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். அப்புறம் இலை, அதற்கு அரை நிமிடம். ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். நாலு பேருக்கு என்றால் இரண்டு தடவை செய்யுங்கள், குறைந்து போக மாட்டீர்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் இரும்பு சமைத்துக்கொண்டே இருக்கும்.

தண்டைக் குப்பையில் போடுவது

போடாதீர்கள். ருசியே அதில்தான். முற்றிய அடித்தண்டை மட்டும் கழியுங்கள்.

பெலாச்சானை வறுக்காமல் சேர்ப்பது

பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துச் செய்வது பெலாச்சான். அப்படியே போட்டால் கவிச்சி தூக்கும். மெல்லிய வில்லையாக வெட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் இரு பக்கமும் வாட்டினால், விரலில் நசுக்கும்போது பொலபொலவென்று உதிரும். அதன்பிறகு மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டோடு அம்மியில் வைத்து அரையுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது, பக்கத்து வீட்டில் சைவமென்றால் சொல்லிவிட்டே செய்யுங்கள். உப்பு அதிலேயே இருக்கிறது, ருசி பார்த்துப் போடுங்கள். பெலாச்சான் கிடைக்காவிட்டால் சென்னாக்குன்னியை (காய்ந்த பொடி இறால்) வறுத்துப் பொடித்துப் போடலாம். வாசம் அந்த அளவு வராது, ஆனால் மோசமில்லை.

புளிப்பை முதலில் சேர்ப்பது

புளியோ எலுமிச்சையோ, அடுப்பை அணைத்த பிறகுதான்.

பச்சையாகச் சாப்பிடுவது

குளத்தில் வளர்ந்த கீரையில் குடலைத் தாக்கும் தட்டைப்புழுவின் கூடுகள் ஒட்டியிருக்கலாம். அலசினால் மட்டும் போய்விடாது. சாலட் ஆசை இருந்தால் வெள்ளரிக்காய் இருக்கிறது.

கண்மாய்க் கரையில் கண்டதைப் பறிப்பது

நெய்வேலிக் காட்டாமணக்கும் வள்ளையும் ஒரே குடும்பம். புனல் மாதிரி விரியும் பூவும் அதே ஜாடை. ஆனால் அந்தக் காட்டாமணக்கு ஆடு மாடுகளுக்கே விஷம். புதராக நிமிர்ந்து, தண்டு கட்டைபோல நின்றால் காட்டாமணக்கு. வள்ளை தரையிலோ நீர்மேலோ படரும். சந்தேகமாக இருந்தால் பறிக்காமல் திரும்பிவிடுங்கள். நம்பகமான இடத்தில் ஒரு கட்டு வாங்கி, நாலு தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் கணுவில் வேர் விடும். அதைத் தொட்டியில் நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.