சொந்த ஊரிலேயே வேலை தேடுகிறவர்களுக்கு

முதுகுளத்தூர் தாலுகாவில் ஒரு சின்ன ஊராட்சியின் மகளிர் கூட்டமைப்புக்கு நான் செயலாளர். குழுக் கணக்குக்காக வருகிறவர்களைவிட வேலை கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "மதினி, திருப்பூருக்கெல்லாம் போக முடியாது. மாமியார் படுக்கையில இருக்காங்க, புள்ள ரெண்டாப்பு படிக்குது. ஊருக்குள்ளயே ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்பார்கள். நூறு நாள் வேலை பற்றி எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதைத் தாண்டி என்ன இருக்கிறது, எங்கே கேட்பது, எப்போது கேட்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியூர் வேலைக்குப் படிப்பையும் அனுபவத்தையும் கேட்பார்கள். உள்ளூர் வேலைக்கு அதோடு நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். மதுரையில் எம்.ஏ. முடித்தவர் நம் ஊர் அங்கன்வாடி வேலைக்குப் போட்டிக்கு வர முடியாது. இங்கே இருப்பதே இந்த வேலைகளுக்கு ஒரு தகுதி. நம் பெண்கள் பலர் அதைத் தகுதியாகவே நினைப்பதில்லை, "நான் பத்தாவதுதானே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க 7783 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40 வரை. விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் வயதில் தளர்வு உண்டு. பணியாளருக்கு முதல் ஒரு வருடம் 7700 ரூபாய், உதவியாளருக்கு 4100 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரே தொகை, பிறகு ஊதிய விகிதத்துக்குள் வருவார்கள். மையம் இருக்கும் அதே ஊரில் குடியிருப்பவருக்கு முதல் உரிமை. ஊரில் ஆள் இல்லையென்றால் பக்கத்து ஊர், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். விண்ணப்பத்தை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

சத்துணவு மையத்தின் சமையல் உதவியாளர் வேலைக்கு எல்லை இன்னும் குறுகியது, வீட்டிலிருந்து மையம் 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களும் கேட்கலாம். மாதம் 3000 ரூபாய்தான், ஒரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தால் காலமுறை ஊதியம் கிடைக்கும். இதற்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். கிராம உதவியாளர் வேலைக்குத் தாசில்தார் அலுவலகம், அதே தாலுகாவில் குடியிருக்க வேண்டும். ரேஷன் கடை விற்பனையாளர், பொருள் கட்டிக் கொடுக்கும் கட்டுநர் வேலைகளை மாவட்டத்துக்கு மாவட்டம் கூட்டுறவுத் துறையின் ஆள்சேர்ப்பு நிலையம் நடத்துகிறது. விற்பனையாளருக்குப் பன்னிரண்டாவது, கட்டுநருக்குப் பத்தாவது. எழுத்துத் தேர்வு இல்லை, நேர்முகத் தேர்வுதான்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். இந்த இடங்கள் இனச் சுழற்சிப்படி நிரப்பப்படுகின்றன. ஊரில் ஓர் அங்கன்வாடி இடம் காலி என்றால், அது இந்த முறை பொதுப் பிரிவுக்கா, பட்டியல் சாதிக்கா, பிற்படுத்தப்பட்டோருக்கா, ஆதரவற்ற விதவைக்கா என்பது முன்பே முடிவாகியிருக்கும். அறிவிப்புப் பலகையில் மையத்தின் பெயருக்கு நேரே எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் விண்ணப்பம் போட்டுவிட்டு, "என்னைவிடக் குறைவா படிச்சவளுக்குக் கொடுத்துட்டாங்க" என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடம் அவர்களுடைய முறையே இல்லை. அதே நேரத்தில், பக்கத்து ஊர் மையம் அவர்களுடைய பிரிவுக்கு வந்திருக்கும், அதற்கு விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். அதனால் நம் ஊர் மையத்தை மட்டும் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள ஊர்களின் பட்டியலையும் விரல் வைத்துப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி.

அடுத்து காகிதங்கள். அறிவிப்பு வந்த பிறகு இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் குறைவாகத்தான் நேரம் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் சான்றிதழ் வாங்க ஓடினால் முடியாது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இவற்றை இன்றைக்கே எடுத்து ஒரு பையில் போட்டுவையுங்கள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் முகவரி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் தடங்கல். பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருக்கும், குடியிருப்பதோ இங்கே. அப்படியிருந்தால் உள்ளூர்க்காரர் என்று எப்படிக் காட்டுவது? பெயரை இந்த வீட்டுக் கார்டுக்கு மாற்றுவதை முதல் வேலையாக வையுங்கள்.

விதவைச் சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அந்த இடங்களில் பத்தில் ஒன்று ஆதரவற்ற விதவைகளுக்கு. அதற்குச் சாதாரண விதவைச் சான்று போதாது, 'ஆதரவற்ற விதவைச் சான்று' வேண்டும். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டியது, நம் பக்கத்துக்குப் பரமக்குடி. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விசாரணை ஒவ்வொரு படியாக ஏறிப் போவதால் நாள் பிடிக்கும். வேலை வருகிறதோ இல்லையோ, இதை வாங்கிவையுங்கள்.

அறிவிப்பு எங்கே வரும் என்று கேட்பீர்கள். ஒன்றிய அலுவலகப் பலகை, தாசில்தார் அலுவலகப் பலகை, மாவட்டத்தின் அரசு இணையதளம். ராமநாதபுரம் மாவட்ட இணையதளத்தில் வேலைவாய்ப்புக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. வாரம் ஒரு முறை போனில் திறந்து பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் படத்தை நம்பாதீர்கள், அதில் பாதி போன வருடத்து அறிவிப்பாக இருக்கும். ஊராட்சியே வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்: தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர். இந்த விவரங்களைக் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு சபை. "எத்தனை இடம் காலி, எப்போது நிரப்புவீர்கள்?" என்று கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. "மூணு லட்சம் கொடுத்தா முடிச்சுத் தாறேன்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, வேலையும் வராமல், கேட்கவும் வாயில்லாமல் நிற்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். 3000 ரூபாய் சம்பளத்துக்கு மூன்று லட்சம் கொடுத்தால் அது மீள எட்டு வருடத்துக்கு மேல் ஆகும், வட்டி தனி. ஆள் எடுத்ததில் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மதிப்பெண் பட்டியலையும் இனச் சுழற்சிப் பதிவேட்டின் நகலையும் கேட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மகளிர் குழுவில் இல்லாதவர்கள் உடனே சேருங்கள். கடனுக்காக மட்டும் சொல்லவில்லை. ஊருக்குள் புதிதாக வரும் பல வேலைகள் குழு வழியாகத்தான் வருகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பது குழுப் பெண்கள்தான். அதற்கு மூன்று வருடமாவது குழுவில் இருந்திருக்க வேண்டும், அந்தப் பள்ளியிலேயே தன் பிள்ளை படிக்க வேண்டும், ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்களையும் குழுக்களிலிருந்தே எடுத்தார்கள். இன்றைக்குச் சேர்ந்தவருக்கு நாளைக்கே கிடைக்காது. அதனால்தான் இன்றைக்கே சேரச் சொல்கிறேன்.

தனியார் வேலைக்கு வருவோம். விடியற்காலையில் ஊருக்குள் வரும் மில் வேனில் ஏறுவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம்? மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டா? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறீர்களா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். 20 பேர் இருந்தால் பி.எஃப். வேண்டும். பி.எஃப். பிடித்தால் உங்கள் பெயரில் யு.ஏ.என். என்று 12 இலக்கக் கணக்கு எண் இருக்கும், அதைச் சேர்ந்த மாதமே கேட்டு எழுதிவையுங்கள். "மூணு வருஷம் முடிச்சா மொத்தமா தாறோம்" என்று சொன்னால் வேண்டாம். சம்பளம் மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

கரி மூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் முன்பணத்தில் கவனமாக இருங்கள். நம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி போடுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிய முன்பணம், கழிந்த கூலி, மீதி மூன்றும் உங்கள் நோட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். பணத்தைக் காட்டி வெளியே போக விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை. 1976 சட்டப்படி குற்றம், அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியரிடம் போகலாம்.

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது நம் பையன்கள் எவ்வளவு ஆசையாக இருந்தார்கள்! கட்டுகிற காலத்தில் கூட்டம் கூட்டமாக வேலை. கட்டி முடித்ததும் பலகையைத் துடைக்கக்கூட எந்திரம் வந்துவிட்டது. அடுத்து எந்தக் கம்பெனி வந்தாலும், கட்டும்போது எத்தனை பேர், ஓடும்போது எத்தனை பேர், அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று நிலம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பையன்கள் இப்போதே ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தால், ஓடுகிற காலத்து வேலைக்குத் தகுதி வரும்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு, மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது என்று பல பயிற்சிகள், தங்குவதும் சாப்பாடும் இலவசம். முடித்த பிறகும் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிப்பார்கள், வங்கிக் கடனுக்கும் உதவுவார்கள். எங்கள் ஊரில் எனக்கு நம்பிக்கை இருப்பது மிளகாயில். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்னும் மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிட்டு வருகிறோம். காம்பு கிள்ளி, தரம் பிரித்து, தூளாக அரைத்துப் பாக்கெட் போட்டால் நான்கைந்து பெண்களுக்கு வருடத்தில் பல மாதம் வேலை. அரைவை எந்திரத்துக்குப் பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். உணவு என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு அவசியம், சின்ன அளவுக்கு வருடம் 100 ரூபாய்தான். ஆர்வம் இருக்கிறவர்கள் தை அறுவடைக்கு முன்னால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், திட்ட அறிக்கையைச் சேர்ந்து எழுதுவோம்.